துர்க்மெனிஸ்தான் விசா: நண்பனுக்குக் கிடைத்தது, எனக்கு மட்டும் நிராகரிப்பு. அடுத்து என்ன செய்யலாம்?

ஊர்சுற்றி_ஈரோடு:
வணக்கம். உஸ்பெகிஸ்தான் போய், புகாராவிலிருந்து தரைவழியாகத் துர்க்மெனிஸ்தானுக்குள் நுழைந்து, தீ எரிந்துகொண்டே இருக்கும் தர்வாசா எரிவாயுப் பள்ளத்தையும் தலைநகர் அஷ்காபாத்தையும் பார்த்துவிட்டு மறுபடி தாஷ்கண்ட் வந்து விமானம் ஏறுவதாகத் திட்டம். அந்த ஊர் டூர் ஏஜென்சி ஒன்றின் மூலம் இரண்டு பேருக்கும் விசாவுக்குத் தேவையான அழைப்புக் கடிதம் கேட்டிருந்தோம். வங்கியில் வேலை பார்க்கும் நண்பனுக்கு வந்துவிட்டது, எனக்கு நிராகரிப்பு. காரணம் கேட்டால் "அதெல்லாம் சொல்ல மாட்டார்கள்" என்று ஏஜென்ட் முடித்துக்கொண்டார். டெல்லி தூதரகத்துக்கு நேரில் போனால் வேலை நடக்குமா? இல்லை, டிரான்சிட் விசா போட்டுப் பார்க்கலாமா?

பாலைவனப்_பிரியன்:
டெல்லிக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். முடிவெடுப்பது அஷ்காபாத்தில் இருக்கும் குடிவரவுத் துறை. அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் தூதரகத்துக்கே வேலை, அதுவும் கடித நகல் கையில் இருந்தால் விமான நிலையத்திலோ எல்லையிலோகூட விசாவை வாங்கிவிடலாம். காரணம் சொல்ல மாட்டார்கள் என்று ஏஜென்ட் சொன்னது உண்மைதான், ஐரோப்பிய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதிதான். அது இருக்கட்டும், விண்ணப்பத்தில் வேலை என்று என்ன போட்டீர்கள்?

ஊர்சுற்றி_ஈரோடு:
வீடியோ எடிட்டர். எல்லாம் கல்யாண வீடியோதான் அண்ணே, நலங்கு, முகூர்த்தம், ரிசப்ஷன். ஸ்டுடியோ பெயரில் 'மீடியா' என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பாலைவனப்_பிரியன்:
அது போதுமே! அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் என் சந்தேகம் அங்கேதான். பத்திரிகைச் சுதந்திரப் பட்டியல்களில் எப்போதும் கடைசி வரிசையில் நிற்கும் நாடு அது, ஊடக வாடை அடித்தாலே யோசிப்பார்கள். அதற்காக 'ஆசிரியர்' என்று பொய் எழுதிவிடாதீர்கள், மாட்டினால் அத்தோடு போச்சு. ஸ்டுடியோ முதலாளியிடம் லெட்டர்பேடில் ஒரு கடிதம் வாங்குங்கள்: திருமண நிகழ்ச்சிகளுக்கு மட்டும் எடிட்டிங், செய்தி நிறுவனம் எதோடும் தொடர்பில்லை, இத்தனை வருடமாக வேலை என்று. அதை ரஷ்ய மொழியில் பெயர்த்துச் சேர்த்து மறுபடி போடச் சொல்லுங்கள். ஏஜென்ட் அலட்சியமாகப் பேசினால் வேறு ஏஜென்சி பார்க்கலாம், ஆனால் இரண்டு ஏஜென்சி வழியாக ஒரே நேரத்தில் போடாதீர்கள், குழப்பம்தான் மிஞ்சும்.

ரயில்_கிறுக்கன்:
டிரான்சிட் பற்றி. அது ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கடந்து போகிறவர்களுக்கானது. உஸ்பெகிஸ்தானில் நுழைந்து உஸ்பெகிஸ்தானுக்கே திரும்பும் உங்கள் திட்டத்துக்கு ஒத்துவராது. ஈரான் பக்கம் வெளியேறுவதாக இருந்தால் ஈரான் விசா முதலில் கையில் இருக்க வேண்டும். பெரும்பாலும் ஐந்து நாள்தான் தருவார்கள், நுழையும் இடமும் வெளியேறும் இடமும் விசாவிலேயே அச்சாகி வரும், அங்கே போய் மாற்ற முடியாது. டூரிஸ்ட் விசாவில் கட்டாயமான கைடு இதற்கு வேண்டாம் என்பது ஒன்றுதான் லாபம். டூரிஸ்ட் விசாவை மறுத்தவர்கள் இதை மட்டும் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை.

புகாரா_மெடிக்கோ:
இங்கே புகாராவில் எம்.பி.பி.எஸ். படிக்கிறேன் அண்ணா. யாருமே கேட்காத ஒன்றைக் கேட்கிறேன், உங்கள் உஸ்பெக் ஈ-விசா சிங்கிளா டபுளா? துர்க்மெனிஸ்தானுக்குப் போய்விட்டு இங்கே திரும்புவதானால் இரட்டை நுழைவு கட்டாயம். சிங்கிள் 20 டாலர், டபுள் 35 டாலர். சிங்கிளை வைத்துக்கொண்டு போனால் வரும்போது எல்லையில் தவிக்க வேண்டியதுதான்.

ஊர்சுற்றி_ஈரோடு:
இன்னும் பணம் கட்டவில்லை தங்கச்சி, டபுளே போடுகிறேன். இரண்டாவது தடவையும் எனக்கு வரவில்லை என்றால் நண்பன் மட்டும் போகலாமா?

பாலைவனப்_பிரியன்:
தாராளமாக. ஆனால் காருக்கும் கைடுக்கும் ஆகும் செலவு ஒரே ஆள் தலையில் விழும், அதை ஏஜென்சியிடம் இப்போதே கேளுங்கள். தர்வாசாவும் முன்பு போல இல்லை. 2025-இல் நெருப்பு வெகுவாகக் குறைந்துவிட்டதாக அந்த நாட்டு அதிகாரிகளே அறிவித்தார்கள், பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். பதில் வரும்வரை திரும்பப் பணம் கிடைக்காத டிக்கெட் எதுவும் வேண்டாம்.

புகாரா_மெடிக்கோ:
கசங்காத, கிறுக்கல் இல்லாத டாலர் நோட்டுகளாக ஊரிலேயே மாற்றிக்கொண்டு வாங்க அண்ணா, துர்க்மெனிஸ்தானில் கார்டை நம்பாதீர்கள். எடிட்டர் என்பதால் இன்னொன்று: ட்ரோன் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், உஸ்பெகிஸ்தானுக்குள்ளேயே அதைக் கொண்டுவரத் தடை.