புதுப்பிப்பு: வெள்ளகவி போய் வந்தாச்சு

கொடைக்கானல் வட்டக்கானலில் இருந்து பழைய மலைக்கிராமமான வெள்ளகவிக்கு நடந்தால் அரிய பூக்கள் தென்படுமா என்று இங்கே கேட்டிருந்தேன். தென்பட்டன. குறிஞ்சியை மட்டும் பார்க்க முடியவில்லை. 2018-இல் பூத்தது, இனி 2030-இல்தான்.

டால்பின் நோஸ் பாறைமுனையைத் தாண்டியதும் கூட்டம் கழன்றுவிடுகிறது. அப்புறம் நீர் கசியும் பாறைகளில்தான் விருந்து: காட்டுக் காசித்தும்பை. விரல்நகம் அளவு இளஞ்சிவப்புப் பூ, பின்னால் வளைந்த மெல்லிய வால். தேன் அந்த வாலுக்குள். முற்றிய காயை லேசாகத் தொட்டாலே வெடித்து விதை தெறிக்கிறது (இதிலேயே பாதி நேரம் போய்விட்டது, பரவாயில்லை).

ஊருக்குள் செருப்புக்கு அனுமதியில்லை, எல்லையிலேயே கழற்றிவிடுங்கள். வீடுகளை ஒட்டியே கோயில்கள். தலைமுறைகளாகக் குதிரை முதுகில் சாமான் ஏறிய ஊர் இது.

அடிவாரத்துக் கும்பக்கரை அருவி வரை இறங்குகிறவர்கள் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சரி, முட்டிவலி இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம்.