2020 யூதப் பண்டிகைகளை நேரில் பார்த்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். கொரோனா காலத்தில் வழிபாடுகள் எப்படி மாறின என்று ஒரு கட்டுரை எழுதுகிறேன். யூதர்களின் புத்தாண்டான ரோஷ் ஹஷானா பகுதியில் நிற்கிறேன். நியூ ஜெர்சி, டொராண்டோ, லண்டன் பக்கம் இருப்பவர்கள் கைகொடுக்க வேண்டும்.

2020இல் அந்தப் பண்டிகை செப்டம்பர் 18 மாலை தொடங்கியது. இஸ்ரேலில் இரண்டாவது ஊரடங்கும் அன்றுதான் தொடங்கியது. மறுநாள் சனிக்கிழமை, ஓய்வுநாள். மரபு வழுவாத (ஆர்த்தடாக்ஸ்) சபைகளில் அன்று ஷோஃபார் என்ற ஆட்டுக்கடாக் கொம்பை ஊத மாட்டார்கள். அதனால் 20ஆம் தேதி ஞாயிறுதான் பல ஊர்களில் பூங்காவிலும் கார் நிறுத்துமிடத்திலும் தெருமுனையிலும் அந்தச் சத்தம் கேட்டது. கொம்பின் அகன்ற வாயிலும் மாஸ்க் கட்டினார்கள்! உங்கள் தெருவில் கேட்டதா? எவ்வளவு நேரம் ஊதினார்கள், வேடிக்கை பார்த்தவர்கள் எங்கே நின்றார்கள்? இந்த மாதிரி விவரம்தான் எனக்கு வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. சீர்திருத்த சபைகள் ஜூமுக்கு மாறின. பண்டிகை நாளில் மின்கருவியைத் தொடாத ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கோ அது ஆகாது. முழு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் ஒரே இடத்தில் கூடவும் வேண்டும். கொல்லைப்புறத்தில் கூடினார்கள் என்று படித்திருக்கிறேன், நேரில் பார்த்தவர் யாராவது சொன்னால் நல்லது.

அடுத்து வரும் சுக்கோத் என்ற கூடாரப் பண்டிகைக்குப் போட்ட பந்தல்களின் படம் இருந்தாலும் அனுப்புங்கள். முகம் தெரிய வேண்டாம், ஊர்ப் பெயர் போதும்.