மெலியோய்டோசிஸ்: ஆட்டிலிருந்து அப்பாவுக்கு வந்ததா?

கேள்வி – வயலோரம்:
நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உள்ள என் தந்தைக்கு, சம்பா நடவு முடிந்த பத்தாம் நாள் காய்ச்சல் கண்டது. முதலில் காசநோய் என்று ஐயுற்றார்கள். இரத்தக் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) மெலியோய்டோசிஸ் என்று தெரிந்த பின், இரண்டு வாரம் மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டு, மாத்திரைகளுடன் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதே மழையில் எங்கள் வெள்ளாடு ஒன்று இளைத்து இறந்தது. அறுத்துப் பார்த்தபோது நுரையீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள் இருந்தன. ஆட்டிலிருந்துதான் தந்தைக்குத் தொற்றியதா? மீதி ஆடுகளை விற்றுவிடும்படி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள்.

பதில் 1 – கால்நடை மருத்துவர்:
ஆட்டின் மீது பழி போட வேண்டாம். இந்நோயை உண்டாக்கும் பர்க்கோல்டேரியா சூடோமாலை ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் தானாகவே வாழ்கிற பாக்டீரியா. சேற்றுப்புண் வழியாகவோ, குடிநீர் வழியாகவோ, மழைக்காற்றில் பறக்கும் திவலை வழியாகவோ மனிதருக்கும் ஆட்டுக்கும் ஒரே மண்ணிலிருந்து தனித்தனியே தொற்றுகிறது. விலங்கிலிருந்து மனிதருக்கு வருவது மிக அரிது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் விண்டன் பகுதிச் செம்மறிகளிடம் இது 1949இல் கண்டறியப்பட்டது. செம்மறியும் வெள்ளாடும் எளிதில் இதற்கு ஆளாகும். மாடு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்.

ஆனால் உங்கள் ஆடு இதனால்தான் இறந்தது என்று இப்போது சொல்ல முடியாது. ஆடுகளில் சீழ்க்கட்டிக்கு வேறொரு பாக்டீரியா தரும் நிணநீர்க் கழலை நோயே வழக்கமான காரணம். சீழைக் கல்ச்சருக்கு அனுப்பினீர்களா?

பதில் 2 – ஆய்வக நுண்ணுயிரியலாளர்:
அனுப்பினாலும், எந்த நோயை ஐயுறுகிறோம் என்று படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். இல்லையேல் இதைச் சாதாரண சூடோமோனாஸ் என்ற வேறு பாக்டீரியா என்று அறிக்கை எழுதிவிடும் ஆய்வகங்கள் உண்டு. வளர்ப்புத் தட்டில் இரண்டு மூன்று நாளில் காலனி (பாக்டீரியாத் திட்டு) காய்ந்து சுருக்கம் விழுந்த தோல் போலாகும். ஜென்டாமைசின், கொலிஸ்டின் ஆகிய ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காமல் அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட்டுக்கு அடங்கினால் எங்களுக்குப் பொறி தட்டிவிடும். 1912இல் ரங்கூனிலிருந்து ஆல்பிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும் இந்நோயை முதன்முதலில் விவரித்து நூறாண்டுக்கு மேலாகியும், இன்னும் நாம் காசநோய் என்றே தொடங்குகிறோம்.

உங்கள் தந்தையிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: காய்ச்சல் விட்டதென்று கோட்ரைமாக்சசோல் மாத்திரையை நிறுத்தினால் நோய் மீளும். குறைந்தது மூன்று மாதம் சாப்பிட வேண்டும். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும்.

பதில் 3 – ஊர்சுற்றி:
2021இல் அமெரிக்காவில், இந்தியாவில் தயாரான ஒரு நறுமணத் தெளிப்பானிலிருந்து நால்வருக்கு இந்நோய் வந்து இருவர் இறந்தனர். அவர்களில் ஒருவரின் வீட்டில் வளர்ந்த ரக்கூன் (வட அமெரிக்கச் சிறு விலங்கு), உடைந்த குப்பியின் திரவத்தில் நடந்து, ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து நோயுற்று மாண்டது. பின்னர் புதைத்த உடலைத் தோண்டிப் பரிசோதித்தபோது அதே பாக்டீரியாவின் மரபுப்பொருள் கிடைத்தது. மனிதருக்கும் விலங்குக்கும் பொது மூலம் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று?

வயலோரம்:
சீழை எடுத்துவைக்கவில்லை, உடலை ஆழமாகப் புதைத்துவிட்டோம். ஆட்டுப்பாலைக் குழந்தைக்குத் தரலாமா?

பதில் – கால்நடை மருத்துவர்:
இந்தக் கிருமி மடியைத் தாக்கிப் பாலிலும் வரக்கூடும் என்பதால், நன்றாகக் கொதித்த பாலை மட்டும் கொடுங்கள். மடி வீங்கிய ஆட்டின் பாலைத் தொடவே வேண்டாம். ஆடுகளை விற்பதற்குப் பதில், பட்டியில் சேறு படாத பரண் தளம் அமையுங்கள். தந்தை வயலில் இறங்கும்போது முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் அணியட்டும். காலில் புண் ஆறாதவரை இறங்கவே வேண்டாம்.