வஞ்சிரம் சாப்பிட்டுச் சிகுவாடெரா (மீனிலுள்ள நஞ்சால் வரும் பாதிப்பு) வந்தவர்கள் இருக்கிறீர்களா?

பிரிஸ்பேன்வாசி:
ஹெர்வி பே பக்கம் தூண்டிலில் பிடித்த 14 கிலோ வஞ்சிரம், தெரிந்தவர் பாதி கொடுத்தார். இரவு வறுவல். விடியற்காலை எனக்கும் மனைவிக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு, சரி நின்றுவிட்டது என்று நினைத்தோம். மறுநாள் அரிசி களையக் குழாயைத் திறந்தேன், கை சுட்டது. வெந்நீர்க் குழாயோ என்று பார்த்தால் இல்லை, பச்சைத் தண்ணீர்தான். ஃபிரிட்ஜிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தாலும் நெருப்பைத் தொட்ட மாதிரி. 3 வாரம் ஆகிறது, இன்னும் போகவில்லை. உங்களுக்கு எத்தனை நாளில் சரியானது?

யாழ்_சிட்னி:
அறக்குளா என்று நாங்கள் சொல்லும் வஞ்சிரத்தின் தலைக்குழம்புதான் எங்கள் வீட்டிலும். அப்பாவுக்குத் தலை என்றால் உயிர், அதனால் அவருக்குத்தான் அதிகம். உதடு மரத்தது, அப்புறம் "பல்லெல்லாம் ஆடுது பிள்ளை, விழப்போகுது" என்று தாடையைக் கையால் பிடித்துக்கொண்டே இருந்தார். ஒரு பல்லும் ஆடவில்லை. அந்தப் பிடி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கிட்டத்தட்ட 2 மாதம் எடுத்தது.

மீன்பிரியன்:
ஐஸ் சரியாகப் போட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். சென்னையில் சூரை சாப்பிட்டு அரை மணியில் என் முகமெல்லாம் சிவந்து தடித்தது, மாத்திரை போட்டதும் அடங்கிவிட்டது. புது மீனாகப் பார்த்து வாங்குங்கள், நன்றாக வேகவையுங்கள்.

கப்பல்காரன்:
மீன்பிரியன், உங்களுக்கு வந்தது கெட்டுப்போன சூரையில் உண்டாகும் ஹிஸ்டமின் என்ற பொருளால். இது வேறு, தயவுசெய்து கலக்காதீர்கள். ஃபிஜி பக்கம் நங்கூரம் போட்டிருந்தபோது துள்ளத் துள்ள ஏற்றிய சீலாவைத்தான் நாங்கள் 6 பேர் சாப்பிட்டோம், 6 பேரும் படுத்தோம், ஒருவருக்கு நாடித்துடிப்பே குறைந்துபோனது. பவளப்பாறையில் செத்த பவளத்தின் மேலும் பாசியின் மேலும் காம்பியர்டிஸ்கஸ் என்ற நுண்பாசி ஒட்டி வளரும், பாசி மேயும் சின்ன மீன் அதையும் சேர்த்து விழுங்கும், அதைப் பெரிய மீன் தின்னும், சீலாவோ களவாவோ வஞ்சிரமோ வருஷக்கணக்கில் அப்படித் தின்று தின்று நஞ்சு உடம்பிலேயே சேர்ந்துகொண்டு போகும். மீனுக்கு ஒன்றும் செய்யாது. வாசனை, ருசி எதிலும் தெரியாது, வேகவைத்தாலும் உறையவைத்தாலும் அழியாது. ஈரலிலும் தலையிலும் சினையிலும் சதையைவிட அதிகம், யாழ் அக்காவின் அப்பாவுக்குக் கூடுதலாக வந்தது அதனால்தான் இருக்கும். வெள்ளிக்காசு போட்டுப் பார்ப்பது, ஈ உட்காருகிறதா என்று பார்ப்பது எதையும் நம்பாதீர்கள். 10 கிலோவுக்கு மேல் வஞ்சிரம் வேண்டாம் என்று நியூ சவுத் வேல்ஸில் சொல்கிறார்கள், குயின்ஸ்லாந்தில் ஹெர்வி பே பக்கமுள்ள பிளாட்டிபஸ் பேயில் வஞ்சிரமும் சீலாவும் பிடிக்கவே தடை. பிரிஸ்பேன்வாசி, உங்கள் மீன் எங்கே பிடித்தது என்று சரியாகக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மீன், மது, கொட்டை வகை எதுவும் தொடாதீர்கள், அடங்கினது திரும்பக் கிளம்பும்.

பிரிஸ்பேன்வாசி:
கேட்டேன் அண்ணா. பிளாட்டிபஸ் பேதான். அவர் வீட்டிலும் எல்லோரும் சாப்பிட்டிருக்கிறார்கள், சின்னப் பிள்ளைக்குக் கால் அரிப்பு நிற்கவில்லையாம். மருத்துவர் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்துவிட்டார், மீதி மீனைக் கொட்ட வேண்டாம் என்றார்கள். ஃப்ரீசரில் 4 துண்டு இருக்கிறது, மாமியார் அந்த டப்பாவின் மேல் "தொடாதே" என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.