டார்க் ரெஞ்சு எண் 7: அணுமின் நிலையத்தில் ஆய்வாளர் வந்த நாள் பற்றி உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஃபிட்டர் பெரியப்பா:

மெக்கானிக்கல் பராமரிப்பில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த நிலையம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அணுமின் நிலையம் என்றதும் எல்லாருக்கும் ரியாக்டர்தான் ஞாபகம் வருகிறது. எங்கள் பிழைப்போ முழுக்க வால்வு, பம்ப், கேஸ்கட், கிளாண்டு பேக்கிங். ஊரில் ரைஸ் மில் மோட்டாரைப் பழுது பார்ப்பவன் கையில் இருக்கும் சாமானும் என் கையில் இருந்ததும் ஏறக்குறைய ஒன்றுதான். அவன் வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவான், நான் ஏழு இடத்தில் கையெழுத்துப் போட்டு, கை கால் எல்லாவற்றையும் மானிட்டரில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் வெளியே வர முடியும்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெரிய ஷட்டவுன் வரும். அப்படி ஒரு ஷட்டவுனில் ஏ.இ.ஆர்.பி. ஆட்கள் வந்தார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், மும்பை அணுசக்தி நகரில் நியாமக் பவன் என்று அவர்கள் தலைமையகம் இருக்கிறது. வந்தது மூன்று பேர். இரண்டு பேர் கான்பரன்ஸ் அறையில் ஃபைல்களோடு உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாவது ஒரு பெண், வயது முப்பது இருக்கலாம், நேராக எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து ஒரு வால்வின் வேலைச் சீட்டை எடுத்தார். மூடியின் போல்ட்டை இறுக்கிய டார்க் ரெஞ்சு, அதாவது எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர், எண் 7 என்று அதில் எழுதியிருந்தது. "சரி, எண் 7 எங்கே, காட்டுங்கள்" என்றார். காட்டினோம். ஸ்டிக்கரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் டூல் ஸ்டோர் ரிஜிஸ்டரைக் கேட்டார்.

எண் 7 அந்தத் தேதியில் நிலையத்திலேயே இல்லை. காலிபரேஷனுக்கு, அதாவது அளவு சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க, வெளியே போயிருந்தது.

எனக்கு வியர்த்துவிட்டது. போல்ட்டை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, இரண்டு காகிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான். அந்த ஒரு எண்ணுக்காக, அந்த வால்வில் வேலை செய்த எங்கள் குழு அந்த ஷட்டவுனில் கை வைத்த பதினான்கு வால்வையும் மறுபடி சரிபார்க்க வேண்டியதாகிவிட்டது. அதில் ஆறு வால்வு ரியாக்டர் கட்டடத்துக்குள்ளே. உள்ளே போகிற ஒவ்வொரு முறையும் உடம்பில் கதிர்வீச்சு டோஸ் ஏறும். வருடத்துக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட், ஐந்து வருடத்தில் மொத்தம் 100, எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்று கணக்கு இருக்கிறது. அதில் ஒரு துண்டை, தப்பாக எழுதிய ஒரு எண்ணுக்காகச் செலவழித்தோம். எழுதிய பையன் மேல் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள். நல்லதோ கெட்டதோ.

பேனல் ஆள்:

பெரியப்பா, நான் ஆபரேஷன் பக்கம், கட்டுப்பாட்டு அறை பேனல் முன்னால் உட்காருபவன். உங்கள் ஆட்கள் வேலை முடித்துவிட்டோம் என்று பெர்மிட்டை, அதாவது வேலைக்கான அனுமதிச் சீட்டை, திருப்பிக் கொடுத்ததும் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பயிற்சியில் முதல் வாரமே அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்துக் கதையைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். 1979 மார்ச் 28, பென்சில்வேனியா, விடிகாலை நாலு மணி. அவசர நேரத்தில் தண்ணீர் அனுப்ப வேண்டிய பம்புகள் சரியாகத்தான் ஓடின, ஆனால் வழியில் இருந்த இரண்டு வால்வும் மூடிக் கிடந்தன. இரண்டு நாள் முன்பு சோதனைக்காக மூடியவை. மூடியிருப்பதைக் காட்டும் விளக்கு பேனலில் எரிந்துகொண்டுதான் இருந்தது, ஒரு விளக்கைப் பராமரிப்பு டேக் ஒன்று தொங்கி மறைத்துவிட்டது. கண்டுபிடிக்க எட்டு நிமிடம் ஆனது. ரியாக்டர் கெட்டதற்குத் திறந்தபடி சிக்கிக்கொண்ட வேறொரு வால்வுதான் முக்கியக் காரணம், அது தனிக் கதை. ஆனால் அந்த டேக் என் மண்டையில் இருந்து போகவே இல்லை. இன்றைக்கும் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் யாராவது சீட்டு ஒட்டினால் அடியில் என்ன இருக்கிறது என்று தூக்கிப் பார்ப்பேன், மனைவி சிரிப்பாள்.

எனக்கு நடந்தது சின்னதுதான். எமர்ஜென்சி டீசல் ஜெனரேட்டர் ஒன்றில் பராமரிப்பு முடிந்து எல்லாச் சீட்டும் மூடியாகிவிட்டது. அடுத்த சோதனையில் ஸ்டார்ட் கொடுத்தால் கிளம்பவில்லை. ஸ்டார்ட் செய்யக் காற்று போகிற லைனில் ஒரு கை வால்வு மூடியபடியே இருந்தது. திறந்தவரும் சரிபார்த்தவரும் என்று சீட்டில் இரண்டு கையெழுத்து இருந்தன. கரண்ட் போயிருந்த நேரமாக இருந்தால் என்று யோசித்தாலே கை நடுங்கியது. அது வாரியத்துக்கு அறிக்கையாகப் போனது, கேள்விகள் வந்தன. "சரிபார்த்தவர் வால்வுக்குப் பக்கத்தில் போய் நின்றாரா, அல்லது திறந்தவர் சொன்னதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டாரா?" என்பது ஒரு கேள்வி. ஷிப்டில் யாரும் பதில் சொல்லவில்லை. அதுவே பதில்.

ஒப்பந்த ஆள்:

நான் ஹெல்பராக மூன்று ஷட்டவுன் போயிருக்கிறேன். படித்தவர்கள் நிறைய எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அவ்வளவு தெரியாது. கனநீர் ரியாக்டர் என்பதால் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் உடம்பில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீர் கொடுக்கச் சொல்வார்கள், பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பது முதல்நாள் வெட்கமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

ஒருநாள் ஆய்வாளர் ஒருவர் என்னை நிறுத்தி, "தம்பி, இன்றைக்கு எந்த இடத்தில் வேலை, அங்கே என்ன ஆபத்து, யார் சொன்னார்கள்?" என்று தமிழிலேயே கேட்டார். நான் சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. காலையில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள் சார், இங்கிலீஷில் இருந்தது என்று சொல்லிவிட்டேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். போகவில்லை. மறுநாளில் இருந்து தமிழில் படித்துச் சொன்னார்கள், அந்த ஷட்டவுன் முடிகிற வரைக்கும்.

ஒன்டாரியோ வாசி:

நான் இங்கே கனடாவில் கேன்டு என்ற கனநீர் ரியாக்டர்களில் எரிபொருள் குழாய் ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். ராஜஸ்தானில் முதல் கனநீர் ரியாக்டர் கனடாவோடு சேர்ந்துதான் கட்டப்பட்டது, கல்பாக்கத்தில் இருப்பதும் அதே குடும்பம். அதனால் இங்கே ஒரு குழாயில் கோளாறு என்றால் அங்கேயும் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். 1983 ஆகஸ்ட் 1 அன்று இங்கே பிக்கரிங் நிலையத்தின் 2-ஆம் யூனிட்டில் எரிபொருள் இருக்கும் அழுத்தக் குழாய் ஒன்று நீளவாக்கில் பிளந்தது. குழாய் செய்திருந்த சர்கலாய்-2 என்ற உலோகக் கலவை ஹைட்ரஜனை உள்வாங்கி நொறுங்கும் தன்மைக்கு வந்திருந்தது. கல்பாக்கத்திலும் முதலில் இருந்தவை சர்கலாய்-2 குழாய்கள்தான். 2002-இல் தொடங்கி இரண்டு யூனிட்டிலும் மொத்தமாகக் கழற்றி நயோபியம் என்ற உலோகம் கலந்த குழாய்களைப் போட்டார்கள். சுனாமி வந்த 2004 டிசம்பரில் 1-ஆம் யூனிட்டில் அந்த வேலைதான் நடந்துகொண்டிருந்தது, ஓடிக்கொண்டிருந்தது 2-ஆம் யூனிட் மட்டும்.

இங்கே ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆய்வாளர்களுக்கு நிலையத்துக்குள்ளேயே அலுவலகம். எப்போது வருவார்கள் என்ற பேச்சே இல்லை, கேண்டீனில் பக்கத்து மேசையில் சாப்பிடுவார்கள். நட்பாகிவிட மாட்டார்களா என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஒருமுறை மதியம் என்னோடு ஹாக்கி பற்றி அரட்டை அடித்தவர், மூன்று மணிக்கு எங்கள் அல்ட்ராசானிக் கருவியின் பதிவில் இரண்டு நிமிடம் விட்டுப்போயிருப்பதைக் காட்டி, அந்தக் குழாயை மறுபடி எடுக்கச் சொன்னார். முகத்தில் அதே சிரிப்பு. அப்புறம் நான் சந்தேகப்படவில்லை.

ஆனால் ஆய்வாளர் உட்கார்ந்திருப்பதால் மட்டும் எல்லாம் தெரிந்துவிடாது. 2021-இல் இங்கே புரூஸ் நிலையத்தில் சில குழாய்களில் ஹைட்ரஜன் அளவு உரிமத்தில் இருந்த 120 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 120 பங்கு) வரம்பைத் தாண்டியது தெரியவந்தது. கணக்கு மாடல்கள் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை, குழாயின் ஓர் ஓரத்தில் சின்ன இடத்தில் சேர்ந்திருந்தது. அளக்காத இடத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குஜராத்தில் காக்ராபார் 1-ஆம் யூனிட்டிலும் 2016 மார்ச் 11 அன்று குழாய் கசிந்தது. அந்தக் குழாய்கள் புதிதாக மாற்றிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அரிப்பு வெளிப்பக்கத்தில் இருந்து வந்தது, குழாயைச் சுற்றி ஓடும் வாயுவில் கலந்திருந்த அசுத்தத்தால்.

கடலோர ஊர்க்காரன்:

எல்லாம் படித்தேன். ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். ஆய்வு வரப்போகிறது என்றால் முதல் வாரமே பெயிண்ட் அடிக்கிறார்களே, அதை நாங்கள் வெளியில் இருந்தே பார்த்திருக்கிறோம், எங்கள் ஊர்ப் பையன்கள்தான் பிரஷ் பிடிப்பார்கள். ஏ.இ.ஆர்.பி. 1983-இல் அரசாணையால் உண்டானது, பார்லிமென்ட் சட்டத்தால் அல்ல. அது பதில் சொல்வது அணுசக்தி ஆணையத்துக்கு என்று 2012-இல் தணிக்கை அறிக்கையே குறை சொன்னது. அதை மாற்ற 2011-இல் கொண்டுவந்த மசோதா நிறைவேறாமலே காலாவதியானது, வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து தரும் சட்டம் 2025 டிசம்பரில்தான் நிறைவேறியது. இத்தனை வருடமும் ஒரே வீட்டில் அண்ணன் சமைத்தான், தம்பி ருசி பார்த்துச் சர்டிபிகேட் கொடுத்தான். நாங்கள் சாப்பிட வேண்டும். இதுதான் எங்கள் பிரச்சினை.

ஃபிட்டர் பெரியப்பா:

பெயிண்ட் உண்மை. மறைக்க ஒன்றுமில்லை. பெயிண்ட் காயாத கைப்பிடியைப் பிடித்து ஒரு ஆய்வாளரின் வெள்ளைக் கையுறை பச்சையானதையும் பார்த்திருக்கிறேன்.

தம்பி சொல்வதில் மற்றதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் சட்டத்தால் வந்த அமைப்பு என்றால் தானாகவே கறாராக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் டேவிஸ்-பெஸ்ஸி என்று ஒரு நிலையம். ரியாக்டர் தலைப்பகுதியில் விரிசல் இருக்கலாம், 2001 டிசம்பர் 31-க்குள் நிறுத்திப் பாருங்கள் என்று அந்த நாட்டின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் ஆரம்பித்தது, நிறுவனம் பேரம் பேசி 2002 பிப்ரவரி வரை ஓட்டியது. ஆணையம் ஒத்துக்கொண்டது, அது சட்டத்தால் வந்த ஆணையம்தான். மார்ச்சில் பார்த்தால், கசிந்த தண்ணீரில் இருந்த போரிக் அமிலம் ஆறு அங்குலத்துக்கு மேல் கனமான எஃகை அரித்துத் தின்றிருக்கிறது. மிச்சம் இருந்தது உள்பூச்சாக இருந்த, சுமார் எட்டில் மூன்று பங்கு அங்குலக் கனமுள்ள துருப்பிடிக்காத எஃகுத் தகடு மட்டும். அதுவும் அழுத்தத்தில் உப்பியிருந்தது.

எனக்கு அதில் உறைத்தது ஓட்டையைவிட ஃபில்டர்தான். கட்டடத்துக்குள் காற்றை உறிஞ்சிப் பார்க்கும் மானிட்டரின் ஃபில்டர் துரு நிறத் தூளால் அடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது, ஓரிரு நாளுக்கு ஒருமுறை மாற்றியிருக்கிறார்கள். மாற்றியவன் என்னைப் போல ஒரு ஃபிட்டர்தானே. அவன் சீட்டில் என்ன எழுதியிருப்பான்? "ஃபில்டர் மாற்றப்பட்டது." வேலை சரி, கையெழுத்து சரி. எதற்கு இத்தனை தடவை என்று கேட்கத்தான் சீட்டில் கட்டம் இல்லை.

க்யூ.ஏ. காரன்:

கட்டம் இன்னும் வேண்டுமா? தர உறுதிப் பிரிவில் (க்யூ.ஏ.) இருப்பவன் நான், கும்பிடுகிறேன் சார். ஒரு வால்வுக்கு ஏற்கனவே எத்தனை தாள் என்று உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் ஒரு தாள் கூடும், எதுவும் குறையாது. உத்தரப் பிரதேசத்து நரோரா அணுமின் நிலையத்தில் 1993 மார்ச் 31 டர்பைன் பிளேடு உடைந்து தீப்பிடித்துக் கேபிள்கள் எரிந்து பதினேழு மணி நேரம் மின்சாரமே இல்லாமல் இருந்தார்களே, அதற்குப் பிறகு பிளேடும் கேபிள் பாதையும் மாறியது நியாயமான மாற்றம். சில தாள்கள் எதற்காக வந்தன என்று இப்போது யாருக்கும் ஞாபகமே இல்லை. தாள் அதிகமானால் ஆட்கள் வால்வைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தாளைப் பார்ப்பார்கள். ரெஞ்சு எண் 7 அப்படி வந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது, தப்பாக இருந்தால் சொல்லுங்கள்.

ஃபிட்டர் பெரியப்பா:

தப்பில்லை. பாதி அதேதான். அந்தப் பையனை நான் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் இறுக்கியது எண் 4-ஆல். நல்ல ரெஞ்சு, காலிபரேஷன் தேதியும் சரி. வெளியே வந்து, உடை மாற்றி, குளித்து, சீட்டை நிரப்ப உட்காரும்போது எண் ஞாபகம் இல்லை, டூல் உள்ளேயே இருக்கிறது, மறுபடி போய்ப் பார்க்கப் பெர்மிட் மூடிவிட்டார்கள். கட்டத்தைக் காலியாக விட்டால் ஃபோர்மேன் திட்டுவான், அந்த ஃபோர்மேன் நான்தான். முந்தைய வருடச் சீட்டைப் பார்த்து 7 என்று எழுதிவிட்டான்.

பதினான்கு வால்வையும் மறுபடி பார்த்தோம் என்றேனே, பன்னிரண்டு சரியாக இருந்தன. இரண்டில் தலா ஒரு போல்ட்டின் இறுக்கம் குறைவாக இருந்தது. அந்த இரண்டும் அவன் இறுக்கியவை அல்ல. எண் சரியாக எழுதிய வேறொருவர் இறுக்கியவை.

பேனல் ஆள்:

அய்யோ. எந்த லைன் வால்வு பெரியப்பா?

ஃபிட்டர் பெரியப்பா:

அதைச் சொன்னால் நிலையம் எது என்று உனக்குத் தெரிந்துவிடும். சொல்ல மாட்டேன். இரண்டும் இறுக்கியாகிவிட்டது, பக்கத்தில் நின்று நானே பார்த்தேன்.