வௌவால் மாதிரியும் மனித சீரமும் ஆஸ்திரேலியாவுக்கு: எந்த அனுமதி முதலில், எதை அனுப்பவே வேண்டாம்?

பிறைநிலா:

வணக்கம். மலேசியாவின் பினாங்கு ஆய்வகம் ஒன்றும் ஆஸ்திரேலிய ஆய்வகம் ஒன்றும் சேர்ந்து, வௌவாலிலிருந்து பரவி மூளையழற்சி தரும் நிபா வகை வைரஸ்களைத் தேடும் திட்டம் இது. கையெழுத்து இன்னும் ஆகவில்லை. சேகரிக்கப்போவது மூன்று: பினாங்கிலும் கெடாவிலும் பழந்தின்னி வௌவால்கள் தங்கும் மரங்களுக்கு அடியில் விழும் சிறுநீர், பிடித்துவிட்டுப் பறக்கவிடும் வௌவால்களின் தொண்டைத் துடைப்பு, பக்கத்துக் கம்பங்களிலும் (கிராமங்களிலும்) தோட்டங்களிலும் வாழும் 200 பேரின் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவம்).

எல்லாவற்றையும் அப்படியே மைனஸ் 80 பாகையில் உறையவைத்து அனுப்பும்படி திட்ட வரைவு சொல்கிறது. எம்டிஏ (மாதிரியை இன்னோர் ஆய்வகத்துக்குக் கொடுப்பதற்கான ஒப்பந்தம்) இரண்டே பக்கம். "மாதிரிகளும் அவற்றிலிருந்து பெறப்படுபவை யாவும் பெறுநருக்கு உரியவை" என்று அதில் ஒரு வரி இருக்கிறது.

நான் கேட்பது: அனுமதிகளை எந்த வரிசையில் வாங்குவது? விமானச் சரக்கு விதிப்படி பெட்டியை ஏ வகையாக (கடும் ஆபத்துள்ள கிருமி) கட்டுவதா, பி வகையாக (அதைவிடக் குறைந்த ஆபத்து) கட்டுவதா? எம்டிஏவில் எதை மாற்றச் சொல்லலாம்? எல்லாவற்றையும் அனுப்பத்தான் வேண்டுமா?

செந்தூல்வாசி:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை கிடைத்தால் மற்ற மூன்றும் பாதியாகக் குறையும்.

ஒரு பொருளைக் கடல் தாண்டி அனுப்புமுன், அதிலிருந்து என்ன தெரிய வேண்டும் என்று கூட்டாளிகளிடம் எழுத்தில் கேளுங்கள். மரபணு வரிசைதான் வேண்டுமென்றால் ஆர்என்ஏ போதும்; அதை இங்கேயே பிரித்து, இங்கேயே நானோபோர் என்ற வரிசைப்படுத்தும் கருவியில் ஓட்டலாம். எதிர்ப்பொருள் இருக்கிறதா என்பதுதான் கேள்வியென்றால் சீரம் அங்கே போகவே வேண்டாம். ஹெண்ட்ரா, நிபா வைரஸ்களின் ஜி புரதம் பூசிய லூமினெக்ஸ் மணிகளை (எதிர்ப்பொருள் வந்து ஒட்டும் நுண்மணிகள்) இங்கே வரவழையுங்கள். அந்தச் சோதனையில் உயிருள்ள வைரஸைக் கையாள்வதில்லை என்பதால் நான்காம் நிலை (உச்சப் பாதுகாப்பு) ஆய்வகம் தேவையில்லை. அங்கே போயே ஆக வேண்டியவை, வளர்த்துப் பார்க்கத் தகுந்த பிசிஆர் பாசிட்டிவ் மாதிரிகளும், லூமினெக்ஸில் வரம்பைத் தாண்டி நடுநிலையாக்கச் சோதனையில் (சீரம் உயிருள்ள வைரஸைத் தடுக்கிறதா என்று பார்ப்பது) உறுதிசெய்ய வேண்டிய சீரங்களும் மட்டுமே.

வெளிநாட்டுக் கூட்டு வேண்டாம் என்பதல்ல என் வாதம். 1998 செப்டம்பர் முதல் 1999 மே வரை இந்நாட்டில் 265 பேருக்கு மூளையழற்சி வந்து 105 பேர் இறந்தார்கள். முதலில் ஜப்பானிய மூளையழற்சி என்றே கருதி கொசுவை விரட்டிக்கொண்டிருந்தோம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் பிரித்தெடுத்த வைரஸ் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசிக்குப் போய், ஹெண்ட்ராவுக்கு உறவான புது வைரஸ் என்று தெரிந்த பிறகுதான் கவனம் முழுக்கப் பன்றிப் பண்ணைகள் பக்கம் திரும்பியது. அன்று அனுப்பியது உயிர்களைக் காத்தது. ஆனால் பிறகு தியோமான் தீவில் மரத்தடியில் பிளாஸ்டிக் தாள் விரித்து வௌவால் சிறுநீரிலிருந்து அதே வைரஸைப் பிரித்ததும் இங்கிருந்தவர்கள்தான். உங்கள் சேகரிப்பு முறைக்கு முன்னோடி அது. "மாதிரி மட்டும் தருகிறோம்" என்ற இடத்தில் நின்றுவிடத் தேவையில்லை.

இனி அனுமதி. பெறுநர் நாட்டு இறக்குமதி அனுமதியின் நிபந்தனைகளை முதலில் கையில் வாங்குங்கள். எந்த முறையில் செயலிழக்கச் செய்ய வேண்டும், எந்தப் பெட்டி என்பதெல்லாம் அதில் இருக்கும். சேகரித்த பிறகு அதைப் படித்தால், தவறான திரவத்தில் சேமித்த நூற்றுக்கணக்கான டியூப்கள்தான் மிஞ்சும்.

அதற்கு இணையாக நெறிமுறைக் குழு. சுகாதார அமைச்சின் மருத்துவமனையோ கிளினிக்கோ ஊழியரோ சம்பந்தப்பட்டால் என்எம்ஆர்ஆரில் (தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிந்து எம்ஆர்இசி (அமைச்சின் ஆய்வு நெறிமுறைக் குழு) வழியாகப் போக வேண்டும். வௌவாலுக்கு விலங்கு நெறிமுறைக் குழு வேறு, 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி வேறு.

பலரும் கோட்டைவிடுவது சட்டம் 795. 2017இல் இயற்றப்பட்டு 2020 டிசம்பர் 18 முதல் நடப்பில் உள்ள, உயிரியல் வளங்களை அணுகுதல், பயன் பகிர்தல் பற்றிய சட்டம். தீபகற்பத்தில் அதிகாரம் அந்தந்த மாநிலத்திடம் இருப்பதால் பினாங்குக்கு ஒன்று, கெடாவுக்கு ஒன்று என்று தனித்தனியாக விண்ணப்பியுங்கள். வணிக நோக்கம், வணிகமல்லாத ஆய்வு என இரு பாதைகள் உண்டு. வணிகமல்லாத ஆய்வு என்று அனுமதி வாங்கிவிட்டு, எம்டிஏவில் பெறுநருக்குக் காப்புரிமை உரிமையைக் கொடுத்தால் இரண்டு தாளும் ஒன்றையொன்று மறுக்கும். மனித மரபுப் பொருள், பயன் பகிர்வு பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான நகோயா நெறிமுறைக்குள் வராது. ஆனால் மனித ரத்தத்தில் கிடைத்த வைரஸை எப்படிப் பார்ப்பது என்பதை மாநில அதிகாரத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள்.

பெரிய பழந்தின்னி வௌவால்கள் (டெரோபஸ் இனம்) சைட்டிஸ் என்ற வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. தொண்டைத் துடைப்புக்கு சைட்டிஸ் ஏற்றுமதி அனுமதி தேவை. விலங்கைத் தொடாமல் சேகரித்த சிறுநீரும் எச்சமும் சைட்டிஸுக்குள் வராது என்று அதன் தீர்மானமே சொல்கிறது. ஆகவே இரண்டையும் ஒரே பெட்டியில் கலக்காதீர்கள். துடைப்பின் அனுமதி தாமதமானால் சிறுநீரும் சேர்ந்து முடங்கும்.

கடைசியாக, நோய்க்கிருமி ஏற்றுமதி: 1988ஆம் ஆண்டு தொற்றுநோய் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2006இல் வந்த விதிமுறைகள்படி சுகாதார அமைச்சிடம் விண்ணப்பிக்க வேண்டும். எல்லாத் தாளிலும் பொருளின் பெயரும் டியூப் எண்ணிக்கையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் 180, இன்னொன்றில் 186 என்றிருந்தால் விமான நிலையக் கிடங்கில் பெட்டி உட்கார்ந்துவிடும், டிரை ஐஸ் கரைந்துகொண்டே இருக்கும்.

எம்டிஏ பற்றித் தனியாக எழுதுகிறேன்.

குளிர்ச்சங்கிலி:

பெட்டிக்கு வருகிறேன். ஏ, பி குழப்பத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டெங்கி, ஜப்பானிய மூளையழற்சி, பறவைக் காய்ச்சல் போன்றவை ஏ வகைப் பட்டியலில் "வளர்ப்புகள் மட்டும்" (ஆய்வகத்தில் பெருக்கிய கிருமி மட்டும்) என்ற அடைமொழியோடு இருக்கும். நிபாவுக்கும் ஹெண்ட்ராவுக்கும் அந்த அடைமொழி கிடையாது. ஆகவே நிபா பாசிட்டிவ் என்று தெரிந்த மாதிரி, வளர்ப்பு இல்லாவிட்டாலும் ஏ வகை, யூஎன் 2814 (ஐநா ஆபத்துப் பொருள் எண்). நலமாகத் தெரிந்த வௌவால்களிடமிருந்து கண்காணிப்புக்காக எடுத்து இன்னும் சோதிக்காதது பொதுவாக பி வகை, யூஎன் 3373. எனவே இங்கே பிசிஆர் செய்த நாளிலிருந்து பாசிட்டிவ் டியூப்களின் வகை மாறுகிறது. பழைய லேபிளோடு அனுப்பினால் அது விதிமீறல்.

பி வகைக்கு: கசியாத உள்கலம், கசியாத இரண்டாம் கலம், உறுதியான வெளிப்பெட்டி. திரவமென்றால் உள்கலமோ இரண்டாம் கலமோ 95 கிலோபாஸ்கல் அழுத்த வேறுபாட்டைத் தாங்க வேண்டும். உள்கலம் ஒன்றுக்கு 1 லிட்டர், பெட்டிக்கு 4 லிட்டர் உச்சம். உள்ளே உள்ள மொத்தத் திரவத்தையும் உறிஞ்சும் அளவுக்குப் பஞ்சு. வெளிப்பெட்டியின் ஒரு முகமாவது 10க்கு 10 சென்டிமீட்டர். ஏ வகையென்றால் யூஎன் முத்திரை பெற்ற பெட்டி, அனுப்புநர் அறிவிப்புப் பத்திரம், பயணிகள் விமானத்தில் பெட்டிக்கு 50 மில்லி, சரக்கு விமானத்தில் 4 லிட்டர். கையெழுத்திடுபவரின் ஐயாட்டா (பன்னாட்டு விமான நிறுவனச் சங்கம்) பயிற்சிச் சான்று 24 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும்; புறப்படும் வாரத்தில் காலாவதி தெரியவந்து பெட்டி நின்றுபோவது சகஜம்.

டிரை ஐஸ்: சாதாரண நுரைப்பெட்டியில் நாளொன்றுக்கு 2.5 முதல் 5 கிலோ ஆவியாகும். பாயான் லெப்பாஸிலிருந்து (பினாங்கு விமான நிலையம்) கேஎல்ஐஏ (கோலாலம்பூர் விமான நிலையம்), அங்கிருந்து ஆஸ்திரேலியா, பிறகு சுங்கச் சோதனை: பயணம் 2 நாள் என்றால் 4 நாளுக்குக் கணக்குப் போட்டு 20 கிலோ வையுங்கள். கலங்களுக்கு வெளியே, வாயு வெளியேற வழியுள்ள பெட்டியில்தான் வைக்க வேண்டும். இறுக மூடிய கலத்துக்குள் போட்டால் வெடிக்கும். யூஎன் 1845 லேபிளும் நிகர எடை கிலோவிலும் வெளியே இருக்க வேண்டும். திங்கட்கிழமை அனுப்புங்கள். ஹரி ராயா, தீபாவளி, சீனப் பெருநாள் வாரங்களைத் தவிருங்கள். அங்கே உள்ள விடுமுறைகளையும் பாருங்கள்.

வைரஸை வளர்க்கப் போகிறீர்கள் என்றால் இன்னொரு விஷயம். டிரை ஐஸின் கார்பன்-டை-ஆக்சைடு, தளர்ந்த மூடி வழியே டியூபுக்குள் புகுந்து திரவத்தை அமிலமாக்கும். பிசிஆர் பாசிட்டிவாகவே வரும், ஆனால் வளர்ப்பில் எதுவும் முளைக்காது. ரப்பர் வளையமுள்ள திருகுமூடி டியூப், இரண்டாம் கலத்தை இறுக மூடுதல், போய்ச் சேர்ந்ததும் மூடியைத் திறக்குமுன் மைனஸ் 80இல் ஓரிரவு வைத்து வாயுவை வெளியேறவிடுதல், இவை மூன்றும் தேவை. செலவு தாங்குமென்றால் திரவ நைட்ரஜன் உலர் கலமே நல்லது.

பிறைநிலா:

நன்றி குளிர்ச்சங்கிலி அண்ணா, செந்தூல்வாசி ஐயா. ஆர்என்ஏவை இங்கேயே பிரிப்பது என்றால் களத்திலேயே ஏவிஎல் திரவத்தில் (வைரஸைச் சிதைத்து ஆர்என்ஏவைக் காப்பது) போட்டுவிடலாமா? அதோடு, சிறுநீர்த் தாள் எந்த அளவு?

குளிர்ச்சங்கிலி:

140 மைக்ரோலிட்டர் சிறுநீருக்கு 560 மைக்ரோலிட்டர் ஏவிஎல், அறை வெப்பத்தில் 10 நிமிடம், பிறகு 560 மைக்ரோலிட்டர் எத்தனால். எத்தனாலை விட்டுவிடாதீர்கள். எபோலாவில் ஏவிஎல் மட்டும் வைரஸை முழுக்கக் கொல்லவில்லை என்பது சோதித்துத் தெரிந்தது. எத்தனாலும் சேர்ந்தால்தான் நம்பலாம். குளிர்பெட்டியில் ஏவிஎல் படிகமாகும், சூடாக்கிக் கரைத்த பிறகே பயன்படுத்துங்கள். சிந்தினால் குளோரக்ஸ் (ப்ளீச்) ஊற்றவே கூடாது: ஏவிஎல்லில் உள்ள குவானிடினோடு சேர்ந்து நச்சுவாயு வரும். நிபா எதிர்மறை இழை வைரஸ், அதாவது அதன் ஆர்என்ஏவைச் செல் நேரடியாகப் படித்துப் புரதம் செய்ய முடியாது என்பதால் சுத்தமாகப் பிரித்த ஆர்என்ஏ தனியாகத் தொற்றாது. டெங்கி, சிக்குன்குனியா ஆர்என்ஏ அப்படியல்ல. செல்லுக்குள் செலுத்தினால் வைரஸாகிவிடும். அதே திட்டத்தில் பின்னர் அவற்றையும் சேர்த்தால் ஆவணத்தைத் திருத்துங்கள்.

ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பங்கை ஏவிஎல்லில் போடாமல் மைனஸ் 80இல் வைத்தாக வேண்டும். ஏவிஎல்லில் போனது வளர்ப்புக்கு உதவாது.

தாள்: பெரியது ஒன்றை விடச் சிறியவை பல. பெரிய தாளில் பல வௌவால்களின் துளிகள் சேர்ந்து, தொற்று விகிதம் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். 1 மீட்டர் சதுரம் போதும். வௌவால்கள் திரும்பும் விடியலுக்கு முன் விரித்து, வெயில் ஏறுமுன் எடுத்துவிடுங்கள். மழை பெய்த நாள் கணக்கில் சேராது. மரத்துக்குக் கீழே நிற்பவருக்கும் முகக்கவசம், கண்ணாடி, கையுறை கட்டாயம்.

தோட்டத்துப்பிள்ளை:

200 பேரின் சீரம் பற்றி யாரும் பேசவில்லை. பெட்டியை விடச் சிக்கலானது அது.

ஒப்புதல் படிவத்தை ஆங்கிலத்திலிருந்து வரிக்கு வரி மாற்றிவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள். "மாதிரி" என்றால் தோட்டத்தில் பலருக்கு "போல" என்றுதான் காதில் விழும். "உங்கள் கையிலிருந்து 5 மில்லி, ஒரு தேக்கரண்டி அளவு ரத்தம் எடுப்போம், அதில் ஒரு பகுதி ஆஸ்திரேலியாவுக்குப் போகலாம், மீதி பினாங்கில் இருக்கும்" என்று எழுதுங்கள். வெளிநாடு போவதற்கும், வருங்கால ஆய்வுக்கு வைப்பதற்கும் தனித்தனியே ஆம், இல்லை கட்டங்கள். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் அவர் ஆய்வில் இருக்கலாம்.

மைகார்டு (அடையாள அட்டை) எண்ணை டியூபிலோ அங்கே போகும் எக்செல் தாளிலோ போடாதீர்கள். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம். பினாங்கு என்றால் 07. பெயரை நீக்கிவிட்டு அதை விட்டால் ஒரு சின்னத் தோட்டத்தில் ஆளைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். ஆய்வு எண் தனி, இணைப்புப் பட்டியல் பினாங்கில் பூட்டிய அலமாரியில்.

வினாத்தாளில் கட்டாயம் ஒரு கேள்வி: 1998 செப்டம்பருக்கும் 1999 மேக்கும் இடையில் எங்கே வசித்தீர்கள், பன்றிப் பண்ணையிலோ அறுப்புக்கூடத்திலோ வேலை செய்தீர்களா? அன்று பேராவிலும் நெகிரி செம்பிலானிலும் இருந்து பிறகு வடக்கே குடியேறியவர் இருப்பார். அவருக்கு எதிர்ப்பொருள் இருந்தால் அது பழைய தொற்றாக இருக்கலாம். இந்தக் கேள்வி இல்லாமல் வந்த பாசிட்டிவை வௌவாலிடமிருந்து புதிதாகத் தொற்றியது என்று எழுதிவிடுவார்கள். நிபாவில் பல ஆண்டு கழித்தும் மூளையழற்சி திரும்பி வருவது உண்டு என்பதால், பாசிட்டிவ் வந்தவரிடம் யார், எந்த மொழியில், எந்த மருத்துவரோடு சேர்ந்து சொல்வது என்பதையும் முதல் ஊசி குத்துமுன் முடிவு செய்யுங்கள்.

5 மில்லி ரத்தத்தில் சுமார் 2 மில்லி சீரம் கிடைக்கும். அரை மில்லியாக நான்கு டியூப். இரண்டை இங்கே, முடிந்தால் இரண்டு வேறு ஃப்ரீசர்களில் வையுங்கள், ஒன்று லூமினெக்ஸுக்கு, நான்காவது உறுதிசெய்யும் சோதனைக்கு. உருக்கி மறுபடி உறையவைத்தால் எதிர்ப்பொருள் குறையும், ஆகவே பிரிப்பதை முதல் நாளே செய்யுங்கள்.

செந்தூல்வாசி:

எம்டிஏ. "பெறுநருக்கு உரியவை" என்ற வரி போக வேண்டும். அதற்குப் பதில்: உரிமை வழங்குநரிடமே இருக்கும், இணைப்பில் எழுதிய சோதனைகளுக்கு மட்டும் பயன்படுத்தலாம், மூன்றாம் தரப்புக்கு எழுத்து அனுமதியின்றித் தரக்கூடாது, வைரஸ் பிரிந்தால் அதன் வளர்ப்பும், மரபணு வரிசையும், அதை வைத்து செயற்கையாக உருவாக்குவதும் இதே நிபந்தனைக்குள் வரும். கடைசிப் பகுதியைத்தான் பலர் விடுவார்கள். வரிசை கைக்கு வந்துவிட்டால் டியூப் யாரிடம் இருக்கிறது என்பது பெரிய விஷயமில்லை.

ஏன் இவ்வளவு கறார் என்றால், கிருமிப் பகிர்வில் உங்களுக்குப் பின்னால் நிற்க வேறு உலக ஏற்பாடு இல்லை. 2007இல் இந்தோனேசியா தன் எச்5என்1 வைரஸ்களைப் பகிர மறுத்து, அதன் விளைவாக 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் பிஐபி (வைரஸ் பகிர்வு, பயன் பகிர்வு) கட்டமைப்பு வந்தது. அது பெருந்தொற்றாகக்கூடிய இன்ஃபுளூயன்ஸாவுக்கு மட்டும். 2025 மே மாதம் பெருந்தொற்று உடன்படிக்கை ஏற்கப்பட்டபோதும் கிருமி பகிர்வும் பயன் பகிர்வும் பற்றிய இணைப்பு தனிப் பேச்சுக்கு விடப்பட்டது. நிபா டியூப் ஒன்று பினாங்கைவிட்டுப் போனால் அதைக் காப்பது பெரும்பாலும் அந்த எம்டிஏதான்.

பணம் நின்றால் என்ன ஆகும் என்றும் ஒரு பத்தி எழுதுங்கள்: மீதி டியூப்கள் யார் செலவில் திரும்பும், அல்லது யார் சாட்சியோடு அழிக்கப்படும், சான்று எத்தனை நாளில் வரும். 2025இல் அமெரிக்க உதவி நிறுவனமான யூஎஸ்எய்ட் மூடப்பட்டதைப் பார்த்தோம். திட்டம் நடுவில் நிற்பது நடக்கவே நடக்காத காரியம் அல்ல. ஆசிரியர் வரிசை, முதல் ஆசிரியர், தொடர்பு ஆசிரியர் யார் என்பதும் இணைப்பில் இருக்கட்டும். லூமினெக்ஸ் மணிகளும் அவற்றுக்கான கட்டுப்பாட்டுச் சீரமும் (விடை முன்பே தெரிந்த ஒப்பீட்டுச் சீரம்) எத்தனை தொகுப்பு, எந்த மாதம் இங்கே வரும் என்பதை "முயல்வோம்" என்று விடாமல் எண்ணோடு எழுதச் சொல்லுங்கள்.

கையெழுத்து உங்களுடையது அல்ல, பல்கலைக்கழகச் சட்டப் பிரிவினுடையது. வரைவை இந்த வாரமே அவர்களிடம் கொடுங்கள்; எல்லா அனுமதியும் வந்த பிறகும் காத்திருக்க வைப்பது பெரும்பாலும் அந்த மேசைதான்.

பிறைநிலா:

கொடுத்துவிடுகிறேன் ஐயா. கடைசியாக ஒன்று: நானோபோர் தரவை அங்கே பகிரும்போது துடைப்பு, சிறுநீர் இரண்டிலும் மனித வரிசைகள் கலந்திருக்குமா?

தோட்டத்துப்பிள்ளை:

கலந்திருக்கும், பிறைநிலா, சேகரிப்பவரின் தோல், எச்சிலிலிருந்தே வரலாம். மூலக் கோப்பை அனுப்பாமல், மனித மரபணுத் தொகுப்போடு ஒப்பிட்டுப் பொருந்தும் வரிசைகளை நீக்கிய கோப்பை மட்டும் அனுப்புங்கள். மூலக்கோப்பு பினாங்கு சேவையகத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் சுத்த நீர் ஒன்றையும், களத்தில் விரித்து எதுவும் விழாத தாளிலிருந்து எடுத்த துடைப்பு ஒன்றையும் சேர்த்து ஓட்டுங்கள். அவை இல்லாவிட்டால் எது வௌவாலுடையது, எது நம்முடையது என்று பிறகு சொல்ல முடியாது.