டிஷ் பொருத்தாமலே "வேலை முடிந்தது" என்று பில் வந்திருக்கிறது. எப்படி மறுப்பது?

மாடிப்படி:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, வலது பக்கம் இன்னும் சரியாகவில்லை. பகலில் நான் வேலைக்குப் போய்விடுவேன். நாற்காலியிலேயே நாள் முழுக்க இருப்பவருக்கு டிவியாவது ஓடட்டும் என்று ஒரு டிஷ் இணைப்புக்குப் பதிவு செய்தேன். நிறுவல் கட்டணத்துக்கும் மாதச் சந்தாவுக்கும் கிரெடிட் கார்டில் ஆட்டோ டெபிட் கொடுத்திருந்தேன்.

டெக்னீஷியன் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் நான்கு துளை போட்டு ஸ்டாண்டை முடுக்கினார். டிஷ்ஷை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார், மீட்டரில் சிக்னல் ஏறவே இல்லை. பக்கத்து வீட்டு மரம் மறைக்கிறது, நீளமான பைப் போட்டுத் தூக்கினால்தான் கிடைக்கும், இப்போது கையில் பைப் இல்லை, இரண்டு நாளில் வருகிறேன் என்றார். டிஷ்ஷைக் கழற்றி வண்டியில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். செட்டாப் பாக்ஸ் மட்டும் அட்டைப்பெட்டியோடு கூடத்தில் இருக்கிறது. கிளம்பும்போது, "வந்து போனதற்கு ஆபீஸில் கணக்குக் கேட்பாங்க" என்று சொல்லி என் போனுக்கு வந்த ஓ.டி.பி.யை வாங்கிக்கொண்டார். நானும் கொடுத்துவிட்டேன்.

இரண்டு நாள் என்றவர் வரவில்லை. அப்பா வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே நிமிர்ந்து பார்ப்பார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

23 நாள் கழித்து பில் வந்தது. நிறுவல் கட்டணம், ஒரு மாதச் சந்தா, இரண்டையும் கார்டில் எடுத்துவிட்டார்கள். கஸ்டமர் கேருக்கு நான்கு முறை பேசினேன். மூன்று பேர் "எங்க சிஸ்டத்துல இன்ஸ்டலேஷன் முடிஞ்சதா காட்டுது மேடம்" என்றார்கள். நான்காவது ஆள், இப்போது ரத்து செய்தால் ஒப்பந்தக் காலம் முடியும் முன் விலகுவதற்கான கட்டணம் வேறு வரும் என்கிறார். டிஷ்ஷே இல்லாத வீட்டில் எந்த ஒப்பந்தத்திலிருந்து விலகுவது?

ஓ.டி.பி. கொடுத்ததால் எல்லாம் போய்விட்டதா? பாக்ஸை என்ன செய்வது? இதில் அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

---

இரவுப்பணி:

கார்டை பிளாக் பண்ணிவிட்டுப் புதுக் கார்டு வாங்குங்கள். அடுத்த மாதம் அவர்களால் எடுக்க முடியாது. அவர்களே ஓடி வந்து பேசுவார்கள்.

---

பற்றுவரவு:

மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். நான் வங்கியில் கார்டு தகராறுகளைப் பார்க்கும் பிரிவில் பல வருடம் இருந்தவன். கார்டை மாற்றினால் பணம் எடுக்கும் வழிதான் அடைபடும், அவர்கள் கணக்கில் உங்கள் பாக்கி அப்படியே நிற்கும். பிறகு அது வசூல் ஏஜென்சிக்குப் போகும், கடன் மதிப்பெண்ணையும் கெடுக்கலாம். புதுக் கார்டு எண்ணுக்கே பழைய ஆட்டோ டெபிட் தொடர்ந்து வருவதும் உண்டு.

முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் போக வேண்டும். போனில் பேசிய நான்கு அழைப்புக்கும் தேதி, நேரம், புகார் எண் குறித்து வைத்திருக்கிறீர்களா? இல்லாவிட்டால் போனின் அழைப்புப் பட்டியலைப் படம் எடுத்து வையுங்கள். மின்னஞ்சலில் சுருக்கமாக எழுதுங்கள்: இந்தத் தேதியில் ஆள் வந்தார், டிஷ்ஷைத் திருப்பி எடுத்துப் போனார், இணைப்பு ஒரு நிமிடம்கூட வேலை செய்யவில்லை, எடுத்த தொகை முழுவதும் அதே கார்டுக்குத் திரும்ப வேண்டும், ஆட்டோ டெபிட் அனுமதியை இன்றோடு விலக்கிக்கொள்கிறேன். பதிலுக்கு ஒரு தேதி கொடுங்கள். அப்பாவின் உடல்நிலை, நீங்கள் பட்ட அலைச்சல் எல்லாம் நியாயமானதுதான். ஆனால் முதல் கடிதத்தில் அவை வந்தால், படிப்பவர் அனுதாபம் சொல்லிவிட்டு விஷயத்தைத் தாண்டிப் போய்விடுவார்.

அதற்கும் மசியவில்லை என்றால் கார்டு கொடுத்த வங்கியில் சார்ஜ்பேக் கேளுங்கள், அதாவது கார்டில் போன பணத்தை வங்கி வழியாகவே திரும்பக் கேட்பது. வீசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதிகளிலும் சேவை கிடைக்கவில்லை என்பது தனி வகை. பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. சில வங்கிகள் அதைவிட முன்னதாகவே கேட்கும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். இங்கேதான் நிறையப் பேர் தோற்கிறார்கள்: படிவத்தில் "இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை" என்ற கட்டத்தை டிக் செய்துவிடுவார்கள். நீங்கள்தானே கார்டு எண்ணைக் கொடுத்தீர்கள்? அது மோசடிக்கான வகை, உடனே தள்ளுபடியாகும். "பணம் கொடுத்தேன், சேவை வரவில்லை" என்பதுதான் உங்கள் வகை.

---

கூரைவேலை:

சகோதரி, நான் பதினொரு வருடம் டிஷ் ஏற்றிய ஆள். நீங்கள் சொன்னது அத்தனையும் எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது.

பல இடங்களில் எங்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. முடித்த வேலைக்கு இவ்வளவு என்று, அதுவும் ஒப்பந்தக்காரர் கை வழியாகத்தான் வரும். மரம் மறைத்துத் திரும்பி வந்தால் அன்றைய பெட்ரோல்கூட நம் தலையில்தான். அதனால் சிலர் வேலையை "முடிந்தது" என்று மூடிவிட்டு, பிறகு வந்து செய்துகொள்ளலாம் என்று நினைப்பார்கள். அவர் செய்தது தப்புதான். ஆனால் உங்கள் சண்டை அவரோடு வேண்டாம், கம்பெனியோடு போடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். டிஷ் டிவியில் தகவல் ஒரு வழியாகத்தான் வரும், மேலிருந்து கீழே. உங்கள் பாக்ஸ் எந்தச் சேனலைத் திறக்கலாம் என்ற அனுமதியும் அதே சிக்னலோடு செயற்கைக்கோளிலிருந்துதான் இறங்கும். டிஷ் இல்லாத பாக்ஸுக்கு அது வந்து சேர வழியே இல்லை. சிஸ்டத்தில் "ஆக்டிவ்" என்று காட்டலாம், அவர்கள் பக்கம் அனுப்பினார்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அதனால் "முடிந்ததா, இல்லையா" என்று வாதாடாதீர்கள். "முடிந்தது என்றால், அன்று எடுத்த சிக்னல் அளவையும் பொருத்திய டிஷ்ஷின் போட்டோவையும் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். வேலையை முடிக்கும்போது இந்த இரண்டையும் எங்களிடம் வழக்கமாகக் கேட்பார்கள். உங்கள் மாடியில் எடுத்த படம் அவர்களிடம் இருக்க முடியாது.

பாக்ஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், செருகிப் பார்க்கவும் வேண்டாம். பெட்டியின் மேலுள்ள சீரியல் எண் தெரியும்படி படம் எடுங்கள். வெறும் ஸ்டாண்டையும், அதன் பக்கத்தில் நின்றபடி அந்த மரத்தையும் படம் எடுங்கள். பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது சீரியல் எண் எழுதிய ரசீது இல்லாமல் கையை விட்டு விடாதீர்கள். அப்புறம் "பாக்ஸ் வரவில்லை" என்று அதற்கும் ஒரு பில் வரும்.

ஒன்று கேட்கிறேன்: அவர் போன பிறகு நீங்கள் அவருக்கு மெசேஜ் ஏதாவது அனுப்பினீர்களா?

---

மாடிப்படி:

அண்ணா, நீங்கள் கேட்ட பிறகுதான் போனைத் திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை "எப்ப வருவீங்க, அப்பா கேட்டுக்கிட்டே இருக்கார்" என்று அனுப்பியிருக்கிறேன். "பைப் இன்னும் வரல மேடம், வந்ததும் டிஷ்ஷ எடுத்துட்டு வந்து போட்டுடறேன்" என்று பதில் இருக்கிறது. பில்லில் நிறுவல் தேதி என்று போட்டிருப்பது அதற்கு மூன்று நாள் முந்தைய செவ்வாய். இது உதவுமா?

பாக்ஸ் பெட்டியின் டேப்பை அவர் அன்று ஒரு பக்கம் வெட்டினார். உள்ளே பாக்ஸ், ரிமோட் இரண்டும் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருக்கின்றன. டேப் வெட்டியிருப்பதை மறைக்காமல் எழுதிவிடலாமா?

---

கூரைவேலை:

உதவுமாவா! இதைவிட வேறென்ன வேண்டும். முடித்ததாகச் சொன்ன தேதிக்கு மூன்று நாள் கழித்து, டிஷ் தன்னிடம்தான் இருக்கிறது என்று அவர்கள் ஆளே எழுதிக் கொடுத்திருக்கிறார். எண், தேதி, நேரம் மூன்றும் தெரியும்படி படம் எடுங்கள். அவர் பெயரை மட்டும் மறைத்துவிடுங்கள், ஆர்டர் எண்ணே போதும்.

டேப் விஷயத்தை நீங்களே முதலில் எழுதிவிடுங்கள்.

---

பற்றுவரவு:

அதேதான். ஓ.டி.பி. விஷயத்தையும் நீங்களே எழுதுங்கள்: "வந்து போனதற்கான பதிவு என்று சொல்லிக் கேட்டார், கொடுத்தேன்." நீங்கள் சொல்லாமல் விட்டு அவர்கள் எடுத்து வைத்தால் அதுதான் அவர்களுடைய பெரிய ஆதாரமாகிவிடும். விலகல் கட்டணத்துக்கு, ஒப்பந்தக் காலம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்ற வரியைத் தேடிப் படியுங்கள். சேவை தொடங்கிய நாள் என்று இருந்தால், அந்த நாள் வரவே இல்லை.

---

மாடிப்படி:

ஒன்பது நாளுக்குப் பிறகு எழுதுகிறேன். நீங்கள் சொன்ன மாதிரியே மின்னஞ்சல் போட்டேன். சிக்னல் அளவும் போட்டோவும் கேட்ட வரிக்கு அவர்கள் பதிலே சொல்லவில்லை. ஆனால் ஐந்தாம் நாள் வேறொரு பிரிவிலிருந்து போன் வந்தது. நிறுவல் கட்டணத்தைத் திருப்பித் தருவதாகவும், சந்தாவை "அடுத்த பில்லில் கழித்துக்கொள்வதாகவும்" சொன்னார்கள். அடுத்த பில்லே எனக்கு வேண்டாம், இரண்டும் கார்டுக்கே வரட்டும் என்றேன். விலகல் கட்டணம் இல்லை என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கினேன்.

இன்று காலை நிறுவல் கட்டணம் மட்டும் கார்டில் வந்திருக்கிறது. சந்தாவுக்குத் திங்கள் வரை கெடு கொடுத்திருக்கிறேன், இல்லையென்றால் வங்கிப் படிவம் நிரப்பித் தயாராக இருக்கிறது. பாக்ஸை நேற்று ஒப்படைத்தேன், சீரியல் எண்ணோடு ரசீது வாங்கிவிட்டேன்.

அண்ணா, இன்னொன்று. வேறு கம்பெனியில் டிஷ் போட்டாலும் இதே மரம் மறைக்குமா?

---

கூரைவேலை:

மறைக்கும் என்று சொல்ல முடியாது. செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கி.மீ. உயரத்தில், நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். ஆனால் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே செயற்கைக்கோள் இல்லை. வேறு திசையில் இருந்தால் மரம் குறுக்கே வராமல் போகலாம். அதே சுவரில் நாலடி தள்ளினாலும் சில நேரம் கிடைத்துவிடும். டிஷ்ஷின் திசையும் சாய்வும் காட்டும் செயலிகள் போனுக்கு இருக்கின்றன. பதிவு செய்யும் முன் மாடியில் நின்று அதில் பாருங்கள். இலை நனைந்தால் இன்னும் அதிகம் மறைக்கும், அதனால் மயிரிழையில் கிடைக்கிற இடத்தில் போட வேண்டாம். கேபிளோ இன்டர்நெட் வழி டிவியோ வீடு வரை வந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, அதையும் விசாரியுங்கள்.

அடுத்த முறை யார் வந்தாலும், அப்பா நாற்காலியில் உட்கார்ந்து படத்தைப் பார்த்த பிறகு ஓ.டி.பி. கொடுங்கள். ஸ்டாண்டைக் கழற்றியதும் அந்த நான்கு துளையையும் மழைக்கு முன் சிமென்ட் வைத்து அடைத்துவிடுங்கள், தண்ணீர் இறங்கினால் கீழ் அறைச் சுவர் ஊறும்.